நாலு தென்னை தூரம்

கேள்வி:

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையை ஒட்டிய தெருவில் வசிக்கிறோம். எங்களிடம் புருனோ என்று மூன்று வயது ஆண் லாப்ரடார் இருக்கிறது. மகள் ஆசைப்பட்டு வாங்கி வளர்த்தாள். போன வருடம் கல்யாணமாகி கோயம்புத்தூர் போய்விட்டாள். இப்போது காலையும் மாலையும் வாக்கிங் அழைத்துப் போவது நான்தான். வீட்டில் அவன் குழந்தை மாதிரி. ஆனால் தெருவில் இன்னொரு நாயைப் பார்த்துவிட்டால் போதும், குரைத்துக்கொண்டு பாய்கிறான். போன மாதம் அவன் இழுத்த இழுப்பில் விழுந்து முட்டி சிராய்த்து, மணிக்கட்டும் வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், "ஒரு நாள் அவிழ்த்து விடுங்க, தானா பழகிடும்" என்கிறார். என் கணவர் குச்சி எடுத்துப் போய் இரண்டு போடு போடச் சொல்கிறார். மற்ற நாய்களோடு மோந்து பார்க்க விடலாமா? கருத்தடை செய்தால் சரியாகுமா? இல்லை, வாக்கிங்கையே நிறுத்திவிடலாமா? எனக்கு 56 வயது. வெளியே கிளம்பும்போதே கை நடுங்குகிறது.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அம்மா, வணக்கம். புருனோவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் மணிக்கட்டு. ஒரு மாதம் ஆகியும் வீக்கமோ வலியோ மிச்சமிருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். தைலம் தேய்த்து ஒப்பேற்ற வேண்டாம். செயினைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நழுவிவிடக் கூடாதே என்ற பயத்தில் அப்படித்தான் பிடிக்கிறார்கள். 30 கிலோ நாய் பாயும்போது அந்தச் சுற்று சுருக்காக இறுகிவிடும், ஆளையும் சேர்த்து இழுக்கும். பிடியின் வளையத்துக்குள் கட்டைவிரலை மட்டும் விட்டு, மீதியை உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள்.

இரும்புச் செயினையே மாற்றிவிடலாம். ஐந்தாறு அடி நீளத்தில் கனமான துணிப் பட்டை போதும். அதைக் கழுத்து பெல்ட்டில் மாட்டாமல் மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸில் மாட்டுங்கள். முன்மார்பில் வளையம் வைத்த ஹார்னஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. அவன் இழுக்கும்போது வேகம் முன்னால் போகாமல் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும், உங்கள் தோளுக்குப் பாரம் குறையும். பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் சுருள் கயிறும், கழுத்தை இறுக்கும் சோக் செயினும் வேண்டவே வேண்டாம். கழுத்து இறுகினால் மூச்சுக்குழாய் நசுங்குகிறது, பயமும் கோபமும் கூடுகின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கட்டில்லாத இரண்டு நாய்கள் சந்திப்பதை நின்று கவனித்திருக்கிறீர்களா? எங்கள் கால்நடை கிளினிக்குக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே ஒரு செவலைக் கடுவன், பெஞ்சுக்கு அடியில்தான் அதற்கு வாசம். போன வாரம் வேறு தெருவிலிருந்து ஒரு கறுப்பு நாய் வந்தது. இருபது அடி தள்ளியே நின்றுவிட்டது. செவலையை நேராகப் பார்க்கவில்லை. தரையை மோந்தது, தலையைத் திருப்பிக்கொண்டது, நாக்கால் மூக்கை ஒரு தரம் நக்கியது. செவலை எழுந்து, நேரே போகாமல் பெஞ்சைச் சுற்றி வளைந்து போனது. முகத்துக்கு முகம் நிற்காமல் இரண்டும் பின்பக்கம் போய் மோந்தன. நான் மூன்று எண்ணி முடிப்பதற்குள் விலகிவிட்டன. செவலை உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுப் பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. கறுப்பு தன் வழியே போனது. ஒரு குரைப்பு இல்லை.

இப்போது அந்தக் கறுப்பு நாயின் கழுத்தில் செயினைப் போட்டு நம் கையில் பிடித்துக்கொள்வோம். அதனால் தள்ளி நிற்க முடியாது, வளைந்து போக முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. நாம் பதறிப்போய் செயினைச் சுருக்குகிறோம். கழுத்து மேலே தூக்கிக்கொள்கிறது, மார்பு முன்னால் தள்ளுகிறது, முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்புகின்றன. எதிரே நிற்கும் நாயின் கண்ணுக்கு அது "வாடா பார்க்கலாம்" என்று நிற்கிற கோலம். அது பதிலுக்கு உறுமுகிறது. நம் நாய்க்கு இனி பாய்வதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை.

அதனால் புருனோ கெட்ட நாய் இல்லை அம்மா. நாய்க்கு நாய் மரியாதை செய்துகொள்ளத் தேவையான இடைவெளியை நாம்தான் பிடுங்கிக்கொண்டோம். அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். நான் சொல்லப்போகிற மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

எனக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மாலை என் நாயோடு குறுகலான சந்து ஒன்றில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே திண்ணையோரம் ஒரு நாய் சும்மா நின்றது. பார்த்தவுடனே செயினைச் சுருட்டினேன். என் நாய் பாய்ந்தது, அது பதிலுக்குப் பாய்ந்தது, நான் நடுவில் கையை விட்டேன். கடித்தது என் நாய்தான். அந்த வேகத்தில் அது யார் கை என்று அதற்குத் தெரியாது. நான் கயிற்றைத் தளர்வாக விட்டு அப்படியே திரும்பி நடந்திருந்தால் அன்றைக்கு ஒன்றுமே நடந்திருக்காது. வலது கைத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சந்து நினைவுக்கு வருகிறது.

குரைத்துப் பாயும் நாய்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பயந்து குரைப்பது: "கிட்டே வராதே" என்கிறது. மற்றது, போக ஆசைப்பட்டு, போகவிடாததால் ஆத்திரப்பட்டுக் குரைப்பது. லாப்ரடார்களில் இரண்டாவது வகையை நான் அதிகம் பார்க்கிறேன், அதுவும் குட்டியில் எல்லா நாயோடும் விளையாட விட்டு வளர்த்திருந்தால். எதிரே உள்ள நாய் நெருங்க நெருங்க அவன் பின்வாங்கி, வாலை இடுக்கி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் அது பயம். நெருங்க நெருங்கச் சிணுங்கி, முன்னால் எட்டி எட்டிக் குதித்தால் ஆசை. பல நாய்களிடம் இரண்டும் கலந்தே இருக்கும். எதுவானாலும் வைத்தியம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் இதில் ரொம்பக் குழம்ப வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வால் ஆடினால் சந்தோஷம் என்று அர்த்தம் இல்லை. இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடும் வால் வேறு. கொடிக்கம்பம் போல விறைத்து நின்று நுனி மட்டும் படபடக்கும் வால் வேறு. இரண்டாவதைப் பார்த்துவிட்டு "வாலாட்டுது பாரு, ஃபிரெண்ட்லி" என்று நெருங்க விட்டவர்கள் பிறகு நாய்க்குத் தையல் போட என்னிடம் வந்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் யோசனைக்கு வருகிறேன். தயவுசெய்து அவிழ்த்து விடாதீர்கள். தெருநாய்கள் தனித்தனியாகச் சுற்றுவது போலத் தெரிந்தாலும், அந்தத் தெரு ஒரு கூட்டத்தின் எல்லை. அங்கே புருனோ அந்நியன். நாலைந்து சேர்ந்து சூழ்ந்தால் வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தப்பிக்கத் தெரியாது. காது, கழுத்து, தொடை என்று பற்கள் ஆழமாக இறங்கும். வெளியில் சின்ன ஓட்டையாகத் தெரியும் காயம் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் இரண்டு மூன்று நாளில் புழு வைத்துவிடும். அப்படி ஒரு சண்டைக்குப் பிறகு அவன் எந்த நாயோடும் பழகப் போவதில்லை. ஒவ்வொரு நாயையும் எதிரியாகத்தான் பார்ப்பான்.

உங்கள் கணவர் சொன்ன குச்சியும் வேண்டாம். அவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் நாயின் கணக்கு வேறு. தெருமுனையில் இன்னொரு நாய் தெரிகிறது, உடனே முதுகில் அடி விழுகிறது. பத்து நாள் இப்படி நடந்தால் அவன் கற்றுக்கொள்வது, "அந்த ஜாதி கண்ணில் பட்டாலே எனக்கு வலிக்கும்" என்பதைத்தான். இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அடித்தால் சில நாய்கள் உறுமலை நிறுத்திவிடும். உறுமல் என்பது எச்சரிக்கை. எச்சரிக்கையை அடித்து நிறுத்தினால் மிஞ்சுவது எச்சரிக்கை இல்லாத கடி.

சரி, என்ன செய்வது? நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் 25 அடி விட்டுக் கன்று வைப்பார்கள். தூரத்தை அந்தக் கணக்கிலேயே பார்ப்போம். புருனோவுக்கு இன்றைக்கு வேண்டியது ஏறக்குறைய நாலு தென்னை தூரம், அதாவது 100 அடி. அவ்வளவு தள்ளி ஒரு நாய் நின்றால் அவன் பார்ப்பான், காதை நிமிர்த்துவான், ஆனால் நீங்கள் கூப்பிட்டால் காதில் விழும். இரண்டு தென்னைக்கு வந்ததும் திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும், மூச்சு நின்ற மாதிரி ஆகும், உடம்பின் பாரம் முன்னங்காலுக்குப் போகும், முதுகு மயிர் சிலிர்க்கும். அதற்கு அப்புறம் நீங்கள் எதைச் சொன்னாலும் அவனுக்கு எட்டாது.

கோழி ஈரலை உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அசைவம் இல்லையென்றால் பன்னீர் துண்டும் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போதும். (கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலில் இருந்து திராட்சையைப் பொறுக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.) உங்கள் தெரு குறுகல் என்றால் அங்கே பயிற்சி வேண்டாம். எதிரே வருவது தூரத்திலேயே தெரிகிற ஆற்றங்கரை மேட்டுக்குப் போங்கள். நாலு தென்னை தள்ளி ஒரு நாய் கண்ணில் பட்டதும், புருனோ அதைப் பார்த்த அடுத்த நொடி ஒரு துண்டு ஈரல். பார்க்கிறான், ஈரல். பார்க்கிறான், ஈரல். நாய் மறைந்ததும் ஈரலும் நின்றுவிட வேண்டும்.

இதில் வரிசை முக்கியம். அவன் பார்ப்பதற்கு முன்பே ஈரலைக் காட்டிக் கவனத்தைத் திருப்பப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்தால் டப்பா திறக்கும் சத்தமே அவனுக்கு "எங்கோ நாய் இருக்கிறது" என்று சொல்லிக் கொடுத்துவிடும். நாய் முதலில், ஈரல் பிறகு. இன்னொரு நாய் தெரிவது நல்ல சேதி என்று அவன் மனதில் பதிய வேண்டும். அவன் ஈரலை வாங்கிக்கொள்கிறானா என்பதையும் கவனியுங்கள். வாங்கினால் இன்னும் நிதானத்தில் இருக்கிறான். சாப்பாட்டு ராமன் லாப்ரடாரே ஈரலை மோந்துகூடப் பார்க்கவில்லையென்றால் தூரம் போதாது என்று அர்த்தம், இன்னும் ஒரு தென்னை தள்ளிப் போங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நாள், தூரத்தில் நாயைப் பார்த்துவிட்டு, நீங்கள் கூப்பிடாமலே அவன் தலையைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்ப்பான், "எங்கே என் ஈரல்?" என்று. அன்றைக்கு இரண்டு துண்டு சேர்த்துக் கொடுங்கள். அந்தத் திரும்பல் நாலைந்து நாள் தொடர்ந்து வந்தால் மூன்று தென்னைக்கு நெருங்கலாம். அவசரம் வேண்டாம். சில நாய்கள் இரண்டு மாதத்தில் ஒரு தென்னைக்கு வந்துவிடும், சிலவற்றுக்கு ஆறு மாதமும் ஆகும்.

நடுவில் ஒரு நாள் எல்லாம் தலைகீழாகப் போய் அவன் பாய்ந்து ரகளை செய்துவிட்டால், அடுத்த ஒன்றிரண்டு நாள் நாய்கள் இருக்கும் பக்கமே போகாதீர்கள். அந்தப் படபடப்பு உடம்பில் அடங்க நேரம் பிடிக்கும். வீட்டு முற்றத்தில் ஒரு சாக்கை விரித்து, மடிப்புகளுக்குள் பிஸ்கட் தூளைத் தூவிவிடுங்கள். மூக்கால் தேடித் தேடிப் பொறுக்குவான். அரை மணி நேரம் நடந்த களைப்பு கால் மணியில் வந்துவிடும்.

இன்னொரு வித்தையையும் இப்போதே பழக்கிவிடுங்கள். மாடியில், நாய் எதுவும் இல்லாத இடத்தில், அவனோடு நடந்துகொண்டே சிரித்த குரலில் "வா, போலாம்" என்று சொல்லி, நின்ற இடத்தில் அப்படியே திரும்பி எதிர்ப்பக்கம் நடங்கள். கூடவே திரும்பினால் ஈரல். ஒரு வாரம் தினமும் இருபது தரம். மூலை திரும்பியதும் மூக்குக்கு நேரே ஒரு நாய் நிற்கும் நாளில் இதுதான் உங்களைக் காப்பாற்றும். திரும்பும்போது கயிற்றை இறுக்காதீர்கள். உங்கள் கை இறுகினால் அது அவனுக்கு ஆபத்துக்கான சமிக்ஞை. கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். நடுக்கம் உடனே போகாது, பரவாயில்லை. மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், தோளை இறக்குங்கள், அவனோடு பேசிக்கொண்டே நடங்கள். பேசினால் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

நம் ஊரில் வாக்கிங்கில் சந்திக்கும் நாய்களில் பத்துக்கு ஒன்பது தெருநாய்தான். அதற்குத் தக்கபடி நேரத்தையும் வழியையும் மாற்றுங்கள். விடிவதற்கு முன் நாலரை, ஐந்து மணி நல்ல நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். தெரு வெறிச்சோடிக் கிடக்கும் அந்த நேரம் அவற்றின் நேரம், கூட்டமாக எல்லையைச் சுற்றி வரும். பால்காரரும் பேப்பர் பையனும் நடமாட ஆரம்பித்த பிறகு, ஆறு, ஆறரைக்குப் போங்கள். சித்திரை, வைகாசியில் ஏழரை மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள், தார் ரோடு பாதத்தைச் சுட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைப் பக்கம் வேண்டாம். காலண்டரைப் பாருங்கள்: முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலை போடும் இடத்தில் நாலு தெரு நாயும் கூடி, இலைக்காக ஏற்கெனவே ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டிருக்கும்.

பருவமும் ஒரு காரணம். புரட்டாசியிலிருந்து மார்கழி வரை பெட்டைகள் அதிகமாகப் பருவத்துக்கு வரும் காலம். ஒரு பெட்டைக்குப் பின்னால் ஐந்தாறு கடுவன்கள் திரியும். அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் யோசிக்காமல் திரும்பிவிடுங்கள், புருனோ ஆண் நாய் வேறு. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஆகவே கார்த்திகை முதல் மாசி வரை எந்த வைக்கோல் போருக்கு அடியிலும், எந்த மதகு ஓரத்திலும் குட்டி போட்ட தாய் இருக்கலாம். சாதாரண நாளில் உங்கள் கையில் பொறை வாங்கித் தின்ற அதே நாய் குட்டி அருகில் இருந்தால் எச்சரிக்காமல் கடிக்கும்.

டெல்டாவுக்கே உரிய ஒன்றையும் நான் வருடா வருடம் கவனிக்கிறேன். கோடையில் ஆறு வறண்டு கிடக்கும்போது நிறைய நாய்கள் ஆற்று மணலிலேயே படுத்துக் கிடக்கும். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்து, சில நாளில் நம் பக்கம் தண்ணீர் வந்ததும் அவை கரையேறித் தெருவுக்குள் வரும். ஏற்கெனவே தெருவில் இருக்கும் கூட்டத்தோடு எல்லைச் சண்டை நடக்கும். தண்ணீர் வந்த இரண்டு வாரம் ஆற்றங்கரை வேண்டாம், அப்புறம் அவை தங்களுக்குள் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும்.

உங்கள் தெரு நாய்களை அப்புறப்படுத்த முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். அப்படிச் செய்த நாய்க்குக் காதில் சின்ன வெட்டு அடையாளம் இருக்கும். உங்கள் தெரு நாய்களின் காதைப் பாருங்கள். வெட்டு இல்லாதவை நிறைய இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள். கருத்தடை செய்து ஊசி போட்ட கூட்டம் ஒரு தெருவில் நிலையாக இருந்தால் புது நாய்கள் வருவதும் சண்டையும் குறையும்.

இனி பயிற்சியெல்லாம் நினைவில் இல்லாத நொடி: நீங்கள் நடந்து போகிறீர்கள், இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு உங்களை நோக்கி வருகின்றன. ஓடாதீர்கள். ஓடினால் எந்த நாயும் துரத்தும். நில்லுங்கள். புருனோவை உங்களுக்குப் பின்பக்கம் வாங்கிக்கொண்டு, உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, அவற்றின் கண்ணைப் பார்க்காமல் கனத்த குரலில் ஒரே ஒரு தரம் "போ" என்று சொல்லுங்கள். அலற வேண்டாம். பெரும்பாலான தெருநாய்கள் தங்கள் எல்லை வரை குரைத்துக்கொண்டு வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பிவிடும். இன்னும் நெருங்கினால், பையில் வைத்திருக்கும் பொறைத் துண்டுகளை ஒரு பிடி அவற்றுக்குப் பின்னால் விழும்படி வீசுங்கள். அவை திரும்பிப் பொறுக்குவதற்குள் நீங்கள் மெதுவாக விலகிவிடலாம்.

கையில் ஒரு குடை வைத்துக்கொள்ளுங்கள். பட்டென்று விரித்தால் பெரும்பாலான நாய்கள் திகைத்து நிற்கும். (முதலில் வீட்டில் புருனோவுக்கு முன்னால் நாலு தரம் விரித்துப் பழக்குங்கள், அவன் திகைத்து ஓடிவிடக் கூடாது.) கல்லெடுக்கக் குனிகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஒற்றை நாய் என்றால் குனிந்தாலே போய்விடும். கூட்டம் என்றால் குனிந்த முகத்துக்கு நேரே அவற்றின் வாய் இருக்கும். கூட்டத்துக்கு முன்னால் குனியாதீர்கள்.

கடி விழுந்து சண்டை மூண்டுவிட்டால் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கயிறு உங்கள் காலைச் சுற்றும், நீங்கள் விழுவீர்கள், சண்டை உங்கள் மேல் நடக்கும். கயிற்றை விட்டுவிடுங்கள். கையை நடுவில் கொண்டு போகவே கூடாது. பக்கத்து வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு முகத்தில் ஊற்றுங்கள், ஈரச் சாக்கைத் தூக்கிப் போடுங்கள், தகரத்தைத் தட்டுங்கள்.

உங்களுக்கு ஒரு பல் பட்டாலும், சின்னக் கீறல் என்றாலும், குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறை என்றால் முதல் ஊசி அன்றைக்கே, பிறகு அந்த நாளிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து. ஒன்றைக்கூட விடாதீர்கள். ரத்தம் வரும் அளவுக்குக் கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும், டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆகவே இதில் மட்டும் "பார்த்துக்கலாம்" வேண்டாம். புருனோவுக்குக் கடி பட்டாலும் இதே போல சோப்புப் போட்டுக் கழுவி, வருட ஊசி போட்டிருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அவனுக்குத் திரும்பவும் ஊசி போட வேண்டியிருக்கும். அவனுடைய தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

மோந்து பார்க்க விடலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். எதிரே இன்னொருவர் தன் நாயைப் பிடித்துக்கொண்டு வந்து, "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது, விடுங்க" என்பார். "எங்களுக்குப் பயிற்சி நடக்குதுங்க, கொஞ்சம் தள்ளிப் போயிடறோம்" என்று சொல்லிவிட்டு வளைந்து போய்விடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. நாம் தெருவில் போகிற எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டா போகிறோம்? நாய்க்கும் வாக்கிங் என்பது மண்ணை மோந்து, மின்கம்பத்தை மோந்து, உங்களோடு நடப்பது. எல்லா நாயையும் சந்தித்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு தென்னை தூரத்தில் அவன் தளர்வாக நடக்கிற காலம் வந்ததும், தெரிந்தவர் வீட்டு நிதானமான நாய் ஒன்றோடு, இரண்டும் ஒரே திசையில், நடுவில் பத்தடி விட்டு இணையாக நடக்க வையுங்கள். கால் மணி நேரம் அப்படி நடந்த பிறகு, இரண்டு கயிறும் தொங்கத் தளர்வாக, பக்கவாட்டில் வந்து மூன்று எண்ணும் நேரம் மோக்கட்டும். எண்ணி முடித்ததும் "வா, போலாம்."

கருத்தடை வேறு பல காரணங்களுக்கு நல்லது, பெட்டையைத் தேடி ஓடுவது குறையும். ஆனால் செயினில் இருக்கும்போது பாய்கிற பழக்கம் அதனால் மட்டும் போய்விடாது. பயந்த நாயாக இருந்தால் பயம் அப்படியே இருக்கும். அவனை நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டியது, உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். திடீரென்று இந்தக் குணம் வந்திருந்தால் காது வலி, இடுப்பு வலி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வலி உள்ள நாய்க்குப் பொறுமை குறைவு.

வாக்கிங்கை நிறுத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்குத் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்த வயல்வரப்பு நல்ல இடம், நாலா பக்கமும் தெரியும். மருந்தடித்த வயலும் தேங்கிய தண்ணீரும் மட்டும் வேண்டாம். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் அவனுக்குப் போட்டிருக்கிறதா என்று அந்த அட்டையிலேயே பாருங்கள்.

நாளைக் காலை புருனோவை வீட்டிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் கிளம்புங்கள். அவன் படுக்கும் பழைய துண்டை இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள், இரண்டு பொறை வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமாக நடக்கும் வழியிலேயே நடந்து, எந்த நாய் எந்தத் திண்ணையில் படுக்கிறது, எது எந்த மின்கம்பத்தோடு நின்றுவிடுகிறது, எதற்குக் காது வெட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பொறை போட்டுவிட்டு, நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள். உங்களையும் இடுப்புத் துண்டில் இருக்கும் புருனோ வாசனையையும் அவை பத்து நாளில் பழகிக்கொள்ளும். அவற்றின் எல்லை எது, குணம் எது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும். அதுவரை புருனோவுக்கு வயல்வரப்பு வாக்கிங்தான். பதினோராவது நாள் அவனையும் கூட்டிக்கொண்டு, ஆளும் நாயும் எதிரெதிரே முட்டிக்கொள்ளாத பக்கமாகக் கிளம்புங்கள். அன்றைக்கு டப்பாவில் ஈரல் கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும்.